சத்தம் போடாத ஸ்பிரிங்

எங்கள் குடியிருப்பு முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பியது ஒரு கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றே காலுக்கு, அதாவது அசல் ராகுகாலத்தில்; மூன்று நாள் மழைத்தண்ணீர் தரைத்தளத்துப் பிலோமினா டீச்சர் வீட்டு வாசற்படியைத் தொட்டு, உள்ளே வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், இரண்டாவது மாடியின் பின்னறையில் உட்கார்ந்து என் அக்கா நிறைமதி தன் யோக்கை நெஞ்சுப் பக்கமாக ஓர் அங்குலம் இழுக்க, பன்னிரண்டு வீடுகளும் மொட்டைமாடித் தொட்டியும் மாடிப்படிக்கு அடியில் நிறுத்தியிருந்த சைக்கிள்களும் அப்படியே ஓர் ஆள் உயரம் மேலே போய் நின்றன, தண்ணீர் எங்களுக்கு அடியில் தன் பாட்டுக்குப் பம்மல் பக்கமாக ஓடியது. போர்வெல் குழாய் என்ன ஆயிற்று, சாக்கடைக் குழாய் என்ன ஆயிற்று, கரண்ட் ஒயர் என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. நீண்டன. அவ்வளவுதான்.

பிலோமினா டீச்சர் கதவைத் திறந்து, வாசற்படிக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைப் பார்த்து, கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மேலே அண்ணாந்து கத்திய முதல் வாக்கியம் இதுதான்: “யாரு வீட்டுலங்க அது, கிறீச்சு கிறீச்சுன்னு?”

இந்த ஒரு வாக்கியத்தில் பன்னிரண்டு குடும்பங்களின் லட்சணமும் அடங்கியிருக்கிறது என்று நான் பிறகு பலமுறை வாதாடியிருக்கிறேன், யாரும் ஒப்புக்கொண்டதில்லை. ஒரு கட்டடம் பறக்கிறது, அதில் உங்களுக்குக் கேள்வி இல்லை; அதைப் பறக்க வைக்கிற ஸ்பிரிங் சத்தம் போடுகிறது, அதுதான் உங்களுக்குக் கேள்வி. இது என்ன நியாயம்?

யோக் என்றால் சின்ன விமானங்களில் ஓட்டுகிறவர் கையில் இருக்கும் அரைவட்டக் கைப்பிடி. அக்காவுடையது வீட்டில் செய்தது. மேசை இழுப்பறையின் இரும்புச் சட்டம், பிளைவுட் பலகை, அதற்குப் பின்னால் பழைய கணினி, கணினிக்குள் விமான சிமுலேட்டர். கைப்பிடியை இழுத்துவிட்டுக் கையை எடுத்தால் அது பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டுமே, அதற்காக, செத்துப்போன எங்கள் அப்பாவின் ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங் ஒன்று, அதற்கு ஜோடியாகப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையின் பழைய இரும்புக் குவியலில் அரை நாள் குந்தியிருந்து தேடியெடுத்த இன்னொன்று. இரண்டும் சேர்ந்து இழுபடும்போது எழுந்த ஓசை இருக்கிறதே, அது சுவருக்குள் புகுந்து, தூணுக்குள் இறங்கி, பன்னிரண்டு வீட்டுக் குளியலறைக் குழாயிலும் கேட்டது.

அக்கா நிஜ விமானத்தையே நாற்பத்தோரு மணி நேரம் ஓட்டியவள். நாற்பத்திரண்டாவது மணி நேரத்துக்கு முன்னால் அவளுக்குக் கல்யாணம் ஆனது. புகுந்த வீட்டில், ஆகாயத்தில் போய் வருகிற பெண்ணுக்குத் தரையில் கால் பாவாது என்று சொல்லி அவளுடைய பறத்தல் பதிவேட்டைப் பரணில் போட்டார்கள். அவளும் பரணில் ஏறித்தான் அதை எடுத்தாள், எடுத்தவள் இறங்கி நேராக ஆட்டோ பிடித்து, கல்யாணமான பதினோராம் மாதம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து மாடிப்படியில் அவள் ஏறும்போது பேச்சு நின்றது, அவள் ஏறி முடித்ததும் தொடர்ந்தது. பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் அந்தப் பின்னறையில் அறுத்தாள், துளைத்தாள், முடுக்கினாள். முடித்த அன்றுதான் கட்டடம் எழும்பியது. அவள் அதற்காகச் செய்யவில்லை. திரையில் தெரிகிற விமானத்தைத்தான் கிளப்பினாள். கட்டடமும் கிளம்பியது. எவ்வளவு இழுக்கிறாளோ அவ்வளவு உயரம். விட்டால் ஸ்பிரிங் சுருங்கச் சுருங்க, மெல்ல, பழைய இடத்திலேயே வந்து உட்காரும்.

பறப்பதை எங்கள் ஆட்கள் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். பதினைந்து நாளில் பழகிவிட்டார்கள். தென்னை உயரத்துக்குப் போனால் கொசு வருவதில்லை என்று கண்டுபிடித்தார்கள்; வடகம் அரை நாளில் காய்கிறது என்று கண்டுபிடித்தார்கள்; மொட்டைமாடியில் நின்றால் மீனம்பாக்கத்தில் இறங்க வருகிற விமானத்தின் சன்னலோரத்து முகங்கள் தெரியும் என்பதால் துபாயிலிருந்து வருகிற மருமகனுக்குக் கையாட்ட ஒரு குடும்பமே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு காத்திருந்தது. எழும்பும் நேரம் பார்த்துத் தபால்காரர் கடிதங்களைக் கூடையில் போட, பிலோமினா டீச்சர் கயிற்றால் இழுத்துக்கொண்டார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் விருத்தகிரி, முதல் மாடிக்காரர், ஏதோ ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர், பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: “கட்டடம் எழும்பும் நேரம் சனிக்கிழமை மாலை நான்கு முதல் ஐந்து வரை. ராகுகாலத்தில் எழும்பாது. அந்நேரத்தில் அடுப்பில் பால் வைக்க வேண்டாம். கர்ப்பிணிகள் சுவரைப் பிடித்துக்கொள்ளவும். இங்ஙனம், செயலாளர்.”

இங்ஙனம் செயலாளர். யோசித்துப் பாருங்கள். ஓட்டுகிறவள் பெயர் அந்த அறிவிப்பில் எங்கேயும் இல்லை. சனிக்கிழமை நான்கு மணிக்கு அவர் மொட்டைமாடியில் ஏறி நின்று, கழுத்தில் பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு, விசில் ஊதுவார். கீழே அக்கா இழுப்பாள். தெருவில் நிற்கிறவர்கள் யாரைப் பார்ப்பார்கள்? விசில் ஊதுகிறவரைத்தான். இரண்டு மாதத்தில் பல்லாவரம் முழுக்க, கட்டடம் ஓட்டுகிற விருத்தகிரி சார் என்றே அவருக்குப் பெயராகிவிட்டது. அவரும் ஒரு நாளும் இல்லை என்று சொல்லவில்லை.

சிக்கல், அந்தக் கிறீச்சு. அது மொட்டைமாடியிலிருந்து வரவில்லை, எங்கள் பின்னறையிலிருந்து வந்தது. முதல் மாடியில் ஒரு பெண்ணைப் பார்க்க வந்தவர்களுக்கு மரியாதைக்காகக் கட்டடத்தை ஒரு பனை உயரம் தூக்கிக் காட்டினார்கள், மாப்பிள்ளையின் அம்மா காப்பியை வைத்துவிட்டு, “மேல ஏதோ இழுக்கிற சத்தம் கேக்குதே, யாரு ஓட்டுறாங்க?” என்று கேட்க, பெண்ணின் அப்பா, “ஓட்டுறது செயலாளர்ங்க. அந்தச் சத்தம் வேற, மேல் வீட்டுல தையல் மிஷின்,” என்றார். இடம் அமையவில்லை. அதற்கும் சத்தம்தான் காரணம் என்று ஆனது.

சங்கக் கூட்டம் கூட்டினார்கள். பொருள் ஒன்றே ஒன்று: இரண்டாவது மாடி பின்னறை ஸ்பிரிங்.

“அங்கிள்,” என்று நான் எழுந்தேன், “இந்தக் கட்டடம் எழும்பினதாலதான் போன மழைக்கு யாரு வீட்டு மெத்தையும் நனையல. அதுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லித் தீர்மானம் போட்டீங்களா? சத்தத்துக்கு மட்டும் கூட்டமா?”

“ஏம்மா கோதை,” என்றார் விருத்தகிரி, அவர் கோபப்படவே மாட்டார், அதுதான் எனக்குக் கோபம், “கட்டடம் பறக்கிறது பொது விஷயம். சத்தம் உங்க வீட்டு விஷயம். இதுல எதுக்கு வாதம்?”

“பறக்கிறதும் அந்த ரூம்லதான் நடக்குது அங்கிள்.”

“நடக்கட்டுமே. சத்தமில்லாம நடக்கட்டும்னுதானே சொல்றோம்.”

பிலோமினா டீச்சர், “பொண்ணு படிச்ச பொண்ணு, பேசத்தான் செய்யும்,” என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அக்கா மட்டும், “பதினஞ்சு நாள் டைம் குடுங்க, முடிஞ்சதைச் செய்யறேன்,” என்றாள்.

செய்தாள். ஸ்பிரிங் சத்தம் என்று வெளியே ஒரே சத்தமாகக் கேட்பது உண்மையில் நான்கு சத்தம் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். கொக்கி ஆணியில் உரசுகிற சத்தம். அதற்குக் கொக்கி வளைவில் வெள்ளை கிரீஸ், மிளகு அளவுதான், அதற்கு மேல் வைத்தால் தூசியைக் கூட்டி வந்து உட்காரவைக்கும். வளையம் பலகையில் மோதுகிற சத்தம். அதற்கு எலக்ட்ரீஷியன்கள் ஒயரில் மாட்டிச் சூடு காட்டிச் சுருக்குகிற கறுப்புக் குழாய், ஆனால் மோதுகிற இடத்தில் மட்டும். விட்டதும் டங்கென்று அதிர்கிற சத்தம். அதற்கு ஸ்பிரிங்கின் வயிற்றுக்குள் ஒரு முழக் கம்பளி நூல். ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் இரண்டையும் கழற்றி, பழைய பனியன் துணியால் துடைத்து, கொக்கியில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்து, திரும்ப மாட்டுவாள். ஆணியில் ஏற ஸ்பிரிங் அடம் பிடிக்கும். அப்போது ஒரு நாடாவைக் கொக்கியில் கோத்து, பாவாடை நாடா இழுப்பதுபோல இழுத்து மாட்டுவாள். அம்மா வாசற்படியில் அவரைக்காய் நாரெடுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பாள், பார்க்காதவள்போல.

மூன்று சத்தம் போயிற்று. நான்காவது, ஸ்பிரிங் நீளும்போது அதன் உடம்பிலிருந்தே வருகிற முனகல், அதை மட்டும் அவள் தொடவில்லை.

“அதையும் அடக்கிடேன் அக்கா. இவங்க வாயாவது மூடும்,” என்றேன். ஆமாம், நானும்தான் சொன்னேன்.

“கண்ணை மூடு,” என்றாள். மூடினேன். இழுத்தாள். “இது ஒரு அங்குலம். தொண்டை கட்டின மாதிரி இருக்கா? இது ரெண்டு, எண்ணெய் இல்லாத கதவு. இது மூணு, பூனை வாலை மிதிச்ச மாதிரி. நாலுல அலறும், அதுக்கு மேல இழுக்கக் கூடாது. திரையில வர்றது விளையாட்டு உயரம், கோதை. நம்ம வீடு எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு எனக்குச் சொல்றது இது மட்டும்தான்.”

“போதும்டி,” என்றாள் அம்மா, “அக்கம்பக்கத்துல கேக்குது.”

இப்படியே போய், கட்டடம் முதலில் எழும்பிப் பத்து மாதம் ஆனது, புரட்டாசி வந்தது, ஆயுத பூஜை வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அரிவாள்மணை, கத்தரிக்கோல், இஸ்திரிப்பெட்டி, சைக்கிள் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டன. இந்த வருடம் நம் எல்லாருக்கும் பொதுவான ஆயுதம் ஒன்று இருக்கிறது, அதற்குச் சங்கத்தின் சார்பில் பூஜை போட வேண்டும் என்று விருத்தகிரி சொல்ல, அக்கா ட்யூஷனுக்கும் நான் நூலகத்துக்கும் போயிருந்த பிற்பகலில், அம்மா பின்னறையைத் திறந்துவிட்டாள். நாங்கள் திரும்பி வந்தபோது யோக்குக்கு மாலை, மானிட்டருக்கு விபூதிப் பட்டை, கீபோர்டில் பொரிகடலை. இரண்டு ஸ்பிரிங்கும் தெரியவே இல்லை. வளையத்துக்கு வளையம் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்து, மஞ்சள் நூல் சுற்றி, எல்லாவற்றின் மேலும் ஒரு கிண்ணம் எண்ணெய் விட்டிருந்தார்கள். அது பலகையில் வடிந்து, கைப்பிடி எவ்வளவு நகர்ந்தது என்று கணினிக்குச் சொல்கிற சின்ன வட்டு வரைக்கும் போயிருந்தது.

“யாரு எண்ணெய் ஊத்துனது?” என்றாள் அக்கா. அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

“நான்தாம்மா,” என்றார் விருத்தகிரி, பெருமையாக. “சுத்தமான விளக்கெண்ணெய். எங்க ஊர்ல வண்டி அச்சுக்கு இதான் போடுவோம். இனிமே மூச்சு விடாது பாரு.”

அக்கா துணியை எடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள். “இன்னிக்குத் தொடக் கூடாதுடி. பூஜையில வெச்ச ஆயுதம். நாளைக்குக் காலைல எடுத்துக்கோ.”

“நாளைக்கு ஒம்பதரைக்குக் கவுன்சிலர் வர்றாரு,” என்றார் விருத்தகிரி. “விஜயதசமி. முதல் இழுப்பு நான் இழுக்கிறதா ஏற்பாடு. நீங்க யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது.”

அவர் போன பிறகு அம்மா சொன்னாள்: “அவரே இழுக்கட்டும் மதி. நல்ல நாளு. முதல் முதலா நீ போயி...”

“நீ போயி? சொல்லு. வாக்கியத்தை முடி,” என்றேன் நான். “அவ போய் உக்காந்தா என்ன ஆகும்? புருஷன் வீட்டுலேருந்து வந்தவ தொட்டா எழும்பாதா? பத்து மாசமா யாரு தொட்டு எழும்புச்சு?”

அம்மா வாக்கியத்தை முடிக்கவில்லை. இந்த மாதிரி வாக்கியங்களை எங்கள் ஊரில் யாருமே முடிப்பதில்லை. முடிக்காமல் விட்டால் சொன்னதாக ஆகாதாம்.

“யார் வேணா இழுக்கட்டும்,” என்றாள் அக்கா. “ஆனா நான் கழுவித் துடைச்சு மாட்டின பிறகுதான். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. அவருக்குச் சத்தம் கேக்கலேன்னா எவ்வளவு இழுக்கிறோம்னே தெரியாதும்மா.”

“அப்பா மேல சத்தியமா தொட விட மாட்டேன்,” என்றாள் அம்மா.

மறுநாள் காலை எட்டரைக்கு நானும் அக்காவும் ஸ்பிரிங் கழுவத் தின்னரும் புது கிரீஸும் வாங்க ரோட்டு முனை இரும்புக்கடைக்குப் போனோம். கடைக்காரர் பூஜை முடித்துத் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் பார்த்தார். பார்த்துவிட்டு, சாதாரணமாக, “பாப்பா, அது உங்க வீடுதானே? கிளம்பிடுச்சே,” என்றார்.

திரும்பினோம். கவுன்சிலர் அரை மணி முன்னாடியே வந்துவிட்டாராம், நல்ல நேரம் தப்பிவிடும் என்றார்களாம், அம்மாவும் சரி என்றாளாம். கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது, ஒரு சின்னச் சத்தம்கூட இல்லாமல், முதல் மாடி சன்னலில் மாவிலைத் தோரணத்தோடு, மொட்டைமாடியில் நாகஸ்வரக்காரர்களோடு, தென்னையைத் தாண்டி, செல்போன் கோபுரத்தைத் தாண்டி, அக்கா ஒரு நாளும் போகாத உயரத்துக்கு. மேலே கைதட்டினார்கள். அது கீழே எங்களுக்கு மழைத்தூறல்போலக் கேட்டது.

“நாலைத் தாண்டிட்டாரு,” என்றாள் அக்கா.

பிறகு நடந்ததை அம்மா போனில் சொல்லச் சொல்லத் தெரிந்துகொண்டோம். விருத்தகிரி சத்தமே இல்லையே என்று சந்தோஷப்பட்டு நெஞ்சு வரைக்கும் இழுத்திருக்கிறார். வளையங்கள் விரிந்த இடைவெளியிலெல்லாம் எண்ணெயும் சந்தனமும் குழைந்து உள்ளே இறங்கி அடைத்துக்கொண்டன, மஞ்சள் நூல் அவிழ்ந்து இழுப்பறைச் சட்டத்தில் சுற்றிக்கொண்டது. கையை எடுத்தால் யோக் அங்கேயே நின்றது. தள்ளினால் பலகை வளைந்தது, கைப்பிடி வரவில்லை. குழாய்கள் நூலாக நீண்டு எல்லார் வீட்டுத் தண்ணீரும் நின்றது. காற்று கட்டடத்தை ஊஞ்சலாட்ட ஆரம்பித்தது. பிலோமினா டீச்சர் ஜெபமாலை சொன்னார், நாகஸ்வரக்காரர் வாந்தி எடுத்தார், கவுன்சிலர் எனக்குப் பத்தரைக்கு இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது என்றார்.

“மதி, இப்ப என்னடி பண்றது?” என்றாள் அம்மா.

அக்கா திட்டுவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அங்கேயே நின்று ஒரு மணி நேரம் கேள்வி கேட்டிருப்பேன். அவள், “வெந்நீர் இருக்கா?” என்றாள்.

“ஃபிளாஸ்க்ல இருக்கு.”

“பாத்திரம் தேய்க்கிற சோப்பு, பழைய டூத் பிரஷ், ஒரு பாவாடை நாடா எடுத்துக்கோ. முதல்ல கைப்பிடியை ரெண்டு பேரை இறுக்கிப் பிடிச்சுக்கச் சொல்லு, கொஞ்சம்கூட நகரக் கூடாது. அந்த நூலை வெட்டி எடு. வெட்டிட்டியா? இடது பக்கக் கொக்கியில நாடாவைக் கோத்து, நான் இழுப்பேனே, அப்படி இழுத்துக் கழட்டு.”

“செயலாளர் கழட்டுறேங்கிறாரு.”

“அவரு வேண்டாம். நீ கழட்டு. நீ பாத்திருக்கே.”

அம்மா பார்த்திருந்தாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள், அவரைக்காயோடு. ஒவ்வொன்றாகக் கழற்றினாள், வெந்நீரில் போட்டாள், வளையம் வளையமாகத் தேய்த்தாள், கம்பளி நூலையும் கறுப்புக் குழாயையும் உருவி எறிந்தாள், புடவைத் தலைப்பால் துடைத்தாள், நாடா போட்டு மாட்டினாள். மசகு, உறை, நூல் எதுவும் இல்லாமல், சந்தையில் வாங்கிய அன்று இருந்ததுபோல அம்மணமாக இரண்டு ஸ்பிரிங்.

“இப்ப கைப்பிடியைப் பிடிச்சிருக்கிறவங்க விட்டாங்கன்னா வீடு பட்டுன்னு கீழ வந்து விழும். நீ பிடி. நான் சொல்றபடி ஒரு நூல் ஒரு நூலா விடு. எனக்குச் சத்தம் கேக்கும்.”

அதற்குள் தெரு முழுக்கக் கூட்டம். ஆளுக்கொரு யோசனை, ஆட்டோக்களின் ஹாரன், சூறைத்தேங்காய். அக்கா எங்கள் கட்டடம் இருந்த பள்ளத்தின் விளிம்பில் நின்று, இரண்டு கையையும் தூக்கி, “எல்லாரும் வாயை மூடுங்க!” என்று ஒரே ஒரு முறை கத்தினாள். மூடினார்கள். பல்லாவரத்தின் ஒரு தெரு முழுவதும், அடங்கச் சொல்லிக் கூட்டம் போட்ட அந்தச் சத்தத்துக்காக, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

வந்தது. மேகத்திலிருந்து வருவதுபோல ஓர் அலறல்.

“நாலரை,” என்றாள் அக்கா போனில். “விடு. மெதுவா. விடு. நிறுத்து, காத்து அடிக்குது. ம், இப்ப விடு. இது மூணு. அம்மா, அவசரப்படாதே, கை நடுங்குது உனக்கு, சத்தத்துல தெரியுது. மூச்சு விட்டுக்கோ. விடு. ரெண்டு. வலது பக்கம் தாழுது, பள்ளத்தோட சுவர்ல இடிக்கும், கொஞ்சம் திருப்பு. போதும். விடு...”

பூனை கதவாயிற்று, கதவு தொண்டை கட்டிய ஆளாயிற்று, அந்த முனகலும் தேய்ந்து தேய்ந்து நின்ற இடத்தில் கட்டடம் தன் பள்ளத்தில் வந்து உட்கார்ந்தது. ஒரு செங்கல் பெயரவில்லை.

இப்போது சொல்லப்போவதைத்தான் நான் யாருக்கும் மன்னிக்கவில்லை. எல்லாரும் தடதடவென்று இறங்கி வந்தார்கள். நாங்கள் படியேறி இரண்டாவது மாடிக்குப் போனபோது பின்னறை வாசலில் கவுன்சிலர் நெற்றியைத் துடைத்தபடி, “நல்லபடியா இறக்கிட்டீங்க. யாருங்க இறக்குனது?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா நின்றிருந்தாள். முழங்கை வரைக்கும் சோப்பு நுரை, தலைப்பில் சந்தனக் கறை, விரலில் கொக்கி கிழித்த ரத்தம், இன்னும் அணைக்காத போன். வாசலில் வந்து நின்ற அக்காவைப் பார்த்தாள். அவ்வளவு கிட்டத்தில் நின்றாள் அக்கா. அம்மா பார்வையைத் திருப்பி விருத்தகிரியைப் பார்த்தாள்.

“சார்தாங்க,” என்றாள்.

விருத்தகிரி மறுக்கவில்லை. கழுத்தை நீட்டி, கவுன்சிலர் போட்ட சால்வையை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டே அக்காவிடம், “என்னம்மா, மறுபடி சத்தம் ஆரம்பிச்சுடுச்சே, அதைக் கொஞ்சம் பாரு,” என்றார்.

நான் அன்று மாலை வரை பேசினேன். அம்மாவிடம் பேசினேன், படிக்கட்டில் பேசினேன், தண்ணீர் மோட்டார் பக்கத்தில் நின்று பேசினேன். நான் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா இரண்டு ஸ்பிரிங்கையும் நாடா போட்டுக் கழற்றி, பனியன் துணியில் சுற்றி, பறத்தல் பதிவேட்டோடு கைப்பையில் வைத்துக்கொண்டாள். “ஏன் சார்னு சொன்னே?” என்று அவள் அம்மாவைக் கேட்கவே இல்லை. அம்மாதான் தானாகச் சொன்னாள்: “உன் பேரைச் சொன்னா இன்னும் நாலு பேச்சு வரும்னுதான்டி.” அக்கா தலையாட்டினாள், மாணவி சொன்ன தப்பான விடையைக் கேட்பதுபோல. மறுநாள் உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலைக்குப் போய்விட்டாள்.

விருத்தகிரி புது ஸ்பிரிங் வாங்கி மாட்டினார். பளபளவென்று, மெத்தென்று, ஒரு முனகல் கிடையாது. அடுத்த சனிக்கிழமை விசில் ஊதிவிட்டு அவரே வந்து உட்கார்ந்து இழுத்தார். கட்டடம் எழும்பவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, முதல் மாடியிலிருந்து யாரோ, “ஏறிட்டோம்ல?” என்றார்கள். “ஏறிட்டோம் ஏறிட்டோம்,” என்றார் பிலோமினா டீச்சர், தரையோடு தரையாக இருக்கிற தன் வாசற்படியில் நின்றுகொண்டு. “சத்தம் இல்லாததால தெரியல.”

அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் நான்கு மணிக்கு விசில் கேட்கிறது, எல்லாரும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்கள், கர்ப்பிணிகள் சுவரைப் பிடித்துக்கொள்கிறார்கள், அடுப்பிலிருந்து பாலை இறக்குகிறார்கள். “காத்து எப்படி வருது பாரு,” என்கிறார்கள். நான் சன்னலில் நின்று, “கீழே பாருங்க, பூக்காரம்மா நிக்கிறாங்க, அவங்க கூடை நம்ம வாசல்ல இருக்கு, நாம எங்கே ஏறினோம்?” என்று கேட்டால், “பொறாமை,” என்கிறார்கள், “அக்கா போன வருத்தம்.” வருகிற கார்த்திகையில் தண்ணீர் வரும். அப்போது என்ன சொல்வார்கள் என்று பார்க்க நான் காத்திருக்கிறேன். தண்ணீர்தான் ஏறியது என்பார்கள்.

போன சனிக்கிழமை நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அம்மாவின் போன் அடித்தது. அக்கா குடியிருக்கிற வீட்டின் சொந்தக்கார அம்மா. நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஏனுங்க, உங்க பொண்ணு தங்கமானவதானுங்க, ஆனா சாயங்காலமானா அவ ரூமுல இருந்து கிறீச்சு கிறீச்சுன்னு ஒரே சத்தமுங்க. வூட்டுக்காரரு எண்ணெய் ஊத்தறேங்கறாரு. அட, இப்பக்கூடப் பாருங்க, ஆரம்பிச்சுட்டா...”

“எண்ணெய் மட்டும் ஊத்திடாதீங்க,” என்றேன் நான். “உங்க சன்னலைத் திறந்து கீழே பாருங்க.”

போனில் அந்த அம்மாவின் செருப்புச் சத்தம் நகர்ந்தது. அதற்குப் பின்னால், தூரத்தில், கேட்டது: தொண்டை கட்டிய குரல், பிறகு கதவு, பிறகு மெல்ல, நிதானமாக, பூனை.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கையில் இருந்த முறம் அசையவில்லை.

“மூணு,” என்றாள். “இன்னிக்குக் காத்து இல்ல போல. நேரா நிக்கிறா.”

“அம்மா,” என்றேன்.

மணி நான்காயிற்று. விருத்தகிரி விசில் ஊதினார். அம்மா கண்ணைத் திறந்து, முறத்தைக் கீழே வைத்து, போனை அணைத்து, சன்னலுக்குப் போய்க் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ஏறிட்டோம்ல?” என்று கீழேயிருந்து யாரோ கேட்டார்கள்.

“ஏறிட்டோம்,” என்றாள் அம்மா.